வேப்பமரத்தில் கட்டிய குழாய்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை பேனாவை எடுத்து, மூடி வைத்திருக்கிறேன். எனக்குக் கதை எழுதத் தெரியாது. மைக் செட் தொழில்தான் தெரியும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

1981-ஆம் வருடம், ஐப்பசி மாதம். கல்லறைத் திருநாள் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நானும் என் மனைவி முருகம்மாளும் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒயர்க் கட்டு எல்லாவற்றையும் மிதித்து ஓட்டுகிற தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியை மூடி அப்போதே பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அங்கே முப்பது வருடம் வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் அவருடைய நாட்டில் இறந்துபோனார். அவரிடம் வேலை பழகிய நர்சம்மாக்கள் சேர்ந்து அவர் நினைவாக ஒரு இசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, அறுபது பேர். பாளையங்கோட்டையிலிருந்து பாட்டுப் பாட நாற்பது பேர். அவ்வளவு பேர் உட்காரக் கூரை உள்ள இடம் ஊரில் வேறு கிடையாது என்று பெரிய வார்டையே கழுவிவிட்டிருந்தார்கள்.

நீளமான வார்டு. ஓட்டுக் கூரை ரொம்ப உயரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல். கட்டில்களை எல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஆனால் சுவரில் கறுப்புப் பெயிண்டில் எழுதிய கட்டில் நம்பர்கள் அப்படியே இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வரைக்கும். எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் பினாயில் வாடை போகவில்லை. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. புளித்த கஞ்சி மாதிரி.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் ரோசாரியோ சார். ஒல்லியான மனுஷர். என் மைக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இதுக்கெல்லாம் மைக் கூடாதுங்க. இந்த இசை அப்படியே கேக்கணும்.”

“சார், வெளிய இருநூறு பேரு நிப்பாங்க. அவங்களுக்குக் கேக்க வேண்டாமா?”

கடைசியில், வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒரே ஒரு மைக்குக்குச் சம்மதித்தார். இது என்ன பாட்டு சார் என்று கேட்டேன். “செத்துப்போனவங்களுக்காகப் பாடுறது. அவங்க இளைப்பாறணும்னு கேக்குறது. பாஷை லத்தீன்,” என்றார்.

வெளியே வந்து முருகம்மாளிடம் சொன்னேன். “அறுபது பேரு வாசிக்கான், நாப்பது பேரு பாடுதான், மைக்கு வேண்டாங்காரு.”

“போச்சு, உங்க பொழப்புல மண்ணு,” என்றாள். “எல்லாரும் இப்பிடித் தொண்டையாலயே பாடப் படிச்சிட்டா, நீங்க குழாய வித்துட்டு பஞ்சுமிட்டாய் விக்கப் போக வேண்டியதுதான்.”

அவள் அப்படித்தான். கல்யாணமாகி மூன்று வருடம். எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வருவாள். ஒயர் இழுப்பாள், குழாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்லுவாள். பாட்டு மட்டும் சுத்தமாக வராது. அவள் வாயைத் திறந்து பாடினால் நானே எழுந்து போய்விடுவேன்.

வாசலில் ஒரு பெரிய வேப்பமரம். அதில் ஏறி இரண்டு குழாயையும் கட்டினேன். அவளை மரத்தடியில் நிறுத்திவிட்டு வார்டுக்குள் வந்தேன்.

மற்ற மைக் செட்காரர்கள் எல்லாம் ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ என்று டெஸ்ட் பண்ணுவார்கள். நான் என் மனைவி பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். விளையாட்டாக ஆரம்பித்தது, பழக்கமாகிவிட்டது. அவள் கையை ஆட்டினால் குழாய் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். கேலி பண்ணுவார்கள்.

வார்டில் அப்போது யாரும் இல்லை. எல்லோரும் பின்பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கைத் தட்டினேன்.

“முருகம்மா... இருக்கியா?”

வெளியே வேப்பமரத்திலிருந்து என் குரல் போய், திரும்ப ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

“முருகம்மா... இருக்கியா?”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் குனிந்து சேலையில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏ முருகம்மா... இருக்கியா?”

“இருக்கேன்.”

சத்தம் ஜன்னலிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால் இருந்து வந்தது. நாக்கு வறண்டு, தண்ணீர் குடித்து ரொம்ப நாளான ஒரு பெண்ணின் குரல்.

திரும்பினேன்.

சுவர்தான் இருந்தது. சுவரில் பதினேழு என்று எழுதியிருந்தது.

மரத்தடியில் முருகம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து கையை ஆட்டினாள்.

வெளியே போய் அவளிடம் கேட்டேன். “ஏட்டி, பதில் சொன்னியா?”

“நான் எங்கன சொன்னேன்? கையத்தான ஆட்டினேன். கேட்டா கைய ஆட்டுவேன், கேக்கலன்னா ஆட்டமாட்டேன், பேசிக்கிட்டா இருப்பேன்?”

மரத்தடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தார். பெயர் ரசீதா, கடையநல்லூர். இந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவராம். டாக்டரம்மாவுக்காக வந்திருந்தார். என்னையே முறைத்துப் பார்த்தார்.

“தம்பி, இந்த மரத்துல இருந்து யாரைக் கூப்பிட்டீங்க?”

“என் வீட்டுக்காரியத்தாம்மா. இந்தா நிக்காளே.”

“இனிமே அந்தப் பேரை இங்கன கூப்பிடாதீங்க வாப்பா.”

ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அது காலரா வார்டு. சொந்தக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் தினமும் சாயங்காலம் அவர்கள் இந்த வேப்பமரத்தடியில் வந்து நின்று, படுத்திருக்கும் ஆளின் பெயரைச் சொல்லி, ‘இருக்கியா’ என்று கூப்பிடுவார்கள். உள்ளே படுத்திருப்பவர் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் மரத்தடியிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

“ஒருத்திய யாரோ வண்டியில கொண்டாந்து கேட்டுக்கிட்ட போட்டுட்டுப் போயிட்டாங்க. பேரு மட்டும் சொன்னா. முருகம்மாள். ஊரு சொல்ல முடியல. ரிஜிஸ்தர்ல ‘ஊர் தெரியாது’ன்னு எழுதினாங்க. அவளுக்கு ஒரு ஆளு வரல. தினம் சாயங்காலம் வேற யாரு பேரைக் கூப்பிட்டாலும் ‘இருக்கேன், இருக்கேன்’ம்பா. நான் போயி ‘உன்ன இல்லம்மா’ம்பேன்.” ரசீதாம்மா துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டார். “ஒன்பதாம் நாள் போயிட்டா. இந்த மரத்துல இருந்து அந்தப் பேரை ஒருத்தர் கூப்பிட்டது இன்னைக்குத்தான்.”

“எந்தக் கட்டில்?” என்று கேட்டது நான் இல்லை, முருகம்மாள்.

“பதினேழு.”

நான் கேட்ட குரலைப் பற்றி இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு எல்லோரும் உள்ளே வந்தார்கள். பாடுகிறவர்கள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். பதினேழாம் நம்பருக்குக் கீழே நின்ற பெண் இரண்டு நிமிடத்தில் கையைத் தூக்கினாள். “சார், இங்க நிக்க முடியல. ஈரத்துணிய மேல போட்ட மாதிரி சில்லுனு இருக்கு.” ரோசாரியோ சாருக்குக் கோபம். இரண்டு பக்கமும் நகர்ந்து நிற்கச் சொன்னார். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விழுந்தது.

நானும் முருகம்மாளும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ரோசாரியோ சார் குச்சியைத் தூக்கினார்.

எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. முதலில் உள்ளங்காலில்தான் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு இருந்த பெரிய வயலின்களைப் பின்னால் நின்று இழுத்தார்கள். அந்தச் சத்தம் தரை வழியாக வந்து முழங்காலில் ஏறியது. அதற்குப் பிறகு சின்ன வயலின்கள். அதற்கும் பிறகுதான் நாற்பது பேரும் வாயைத் திறந்தார்கள். பாடினார்கள் என்று சொல்ல முடியாது. மூச்சு விட்டார்கள், அந்த மூச்சுக்கு ராகம் இருந்தது.

நான் சத்தத்தைப் பெரிதாக்குகிற தொழில் செய்கிறவன். சத்தம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தாமிர அண்டா மாதிரி இருந்த இரண்டு மேளத்தை ஒருவர் அடிக்க ஆரம்பித்தார். பித்தளைக் குழல்கள் எல்லாம் ஒன்றாக முழங்கின. நாற்பது பேரும் தீப்பிடித்த வீட்டிலிருந்து கத்துகிற மாதிரி பாடினார்கள். ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. முருகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது.

“ஏங்க, இது அழுகையா, சண்டையா?”

“தெரியலட்டி.”

“ரெண்டும்தான் போல,” என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் அவளாகப் பேசவில்லை.

திடீரென்று எல்லாம் அடங்கியது. ஒரே ஒரு வயலின் மட்டும். வெளியே வெயில் இறங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் யாரோ என் தோளைத் தட்டினார்கள். வாசலில் டீ போட்டுக்கொண்டிருந்த துரைப்பாண்டி. குனிந்து காதில் சொன்னான்.

“ஏலே காளி, உள்ள ஒரு பாட்டு வெளிய ஒரு பாட்டா போடுத?”

“என்னலே சொல்லுத?”

“குழாயில வயலினும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு பொம்பள குரலுதான் வருது.”

“என்ன பாடுதா?”

“பாடலலே. ‘இருக்கேன், இருக்கேன்’ங்கா. கூட்டம் பயப்படுது.”

என் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் அவள் பிடித்த ஈரம் மட்டும் இருந்தது.

பக்கத்தில் முருகம்மாள் இல்லை.

பாட்டு மறுபடி எழுந்தது. வரிசையைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை கட்டிய பெண்களுக்கு நடுவில் ஒரு பச்சைச் சேலை.

பதினேழாம் நம்பருக்குக் கீழே.

அவள் பாடிக்கொண்டிருந்தாள். ‘நிலா நிலா’கூடச் சரியாகப் பாடத் தெரியாதவள், மற்றவர்களோடு சேர்ந்து வாயைத் திறந்து, சேர்ந்து மூடினாள். கண் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்திலேயே இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நோட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் நோட்டு இல்லை.

அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கன்னம் ஒட்டியது. உதடு வெடித்து வெள்ளையானது. கண் உள்ளே போனது. ஒன்பது நாள் நோய் ஒரு பாட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது.

எழுந்து ஓடப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த ரசீதாம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“போயி இழுக்காதீங்க. உசுரு கையோட வராது.”

“என்ன செய்யட்டும்மா? செத்துருவா போலிருக்கே!”

“கூப்பிட்டது நீங்க. நீங்கதான் கூப்பிட்டு வெளிய எடுக்கணும். வெறும் பேரைச் சொன்னா ரெண்டு பேருக்கும் அதான் பேரு. உங்க ஆளுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லுங்க. அவ அப்பன் பேரு, பொறந்த ஊரு. அது போதும். சீக்கிரம் சொல்லுங்க வாப்பா.”

மைக்குக்குப் போனேன். ரோசாரியோ சார் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, குச்சியை அப்படியே நிறுத்தினார். நூறு பேரும் நிறுத்தினார்கள்.

நிறுத்தாத குரல் ஒன்றுதான் இருந்தது. அவள் குரல்.

மைக்கைப் பிடித்தேன். அப்பன் பேரு, பொறந்த ஊரு. மாமனார் பெயர் சண்முகையா. ஊர் குருவிகுளம். மனதில் இரண்டும் இருந்தன. ஆனால் வாயில் வந்தது வேறு.

வருடா வருடம் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான்தான் மைக். கூட்டத்தில் ஆள் தொலைந்தால் அறிவிப்புச் செய்வேன். பதினைந்து வருடமாக ஒரே வாசகம். தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொல்லுவேன். மூளை நின்றுபோன அந்த நேரத்தில் நாக்கு தானாக அதைச் சொல்லிவிட்டது.

“குருவிகுளம் சண்முகையா மகள் முருகம்மாள்... லட்சுமியாபுரம் நாலாம் தெரு, கதவு எண் பதினாலு, காளிராஜ் வீட்டைச் சேர்ந்த முருகம்மாள்... எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்கள் வீட்டார் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.”

வேப்பமரத்துக் குழாய் அதை அந்தக் காடு முழுக்கச் சொன்னது.

பாட்டு நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்து, முன்னால் நாற்காலியில் இருந்த வயலின்காரர் மேல் விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தோம். ஒரு கூஜாத் தண்ணீர். இன்னும் கேட்டாள். மூன்று கூஜா குடித்த பிறகுதான் கன்னத்தில் ரத்தம் வந்தது.

“என்னங்க, எல்லாரும் என்னையவே பாக்காங்க?” என்றாள்.

நான் அழுதுவிட்டேன்.

ரசீதாம்மா மட்டும் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அப்பன் பேரும் ஊரும்தான வாப்பா சொல்லச் சொன்னேன். வீட்டு விலாசத்தை ஏன் சொன்னீங்க? வீட்டார் காத்திருக்காங்கன்னு ஏன் சொன்னீங்க?”

எனக்கு அப்போது அது புரியவில்லை.

மீதிப் பாட்டையும் பாடி முடித்தார்கள். கடைசிப் பகுதி ரொம்ப மெதுவானது. பாஷை தெரியாவிட்டாலும், யாரையோ தூங்க வைக்கிறார்கள் என்று தெரிந்தது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. சாமான் கட்டும்போது அந்தப் பாட்டுக்காரப் பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டு போனாள். “அந்த இடம் இப்ப சில்லுனு இல்லடி. சாதாரணமாத்தான் இருக்கு.”

சந்தோஷமான செய்தி என்றுதான் நினைத்தேன். குழாய்களை அவிழ்த்துத் தட்டுவண்டியில் ஏற்றினோம். வரும்போது இருந்ததைவிட வண்டி மிதிக்கக் கனமாக இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மைக் டெஸ்டுக்கு நானும் ‘ஹலோ’தான். வீட்டிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றே ஒன்று, குழாய் கிடக்கும் முன்னறையில் வைக்கிற செம்புத் தண்ணீர் காலையில் காலியாக இருக்கும். நான் குடித்தேன் என்று அவளும், அவள் குடித்தாள் என்று நானும் இருந்துவிட்டோம்.

1984-இல் ஓட்டர் லிஸ்ட் புதுசாக எழுதினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஆறுமுகச்சாமி சார் வீடு வீடாக வந்து எழுதிக்கொண்டு போனார். நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன். லிஸ்டைத் தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டியபோது போய்ப் பார்த்தேன்.

கதவு எண் பதினாலு. காளிராஜ். அடுத்து, முருகம்மாள், கணவர் காளிராஜ், வயது இருபத்தேழு.

அதற்கு அடுத்த வரி. முருகம்மாள். வயது இருபத்தாறு. கணவர், தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

“சார், எங்க வீட்டுல ஒரு முருகம்மாள்தான் சார். ரெண்டு எழுதியிருக்கீங்க.”

“என்ன அண்ணாச்சி, நான் என்ன கனவா கண்டேன்?” என்றார் வாத்தியார். “வாசல்ல நின்னு ‘முருகம்மாள் இருக்காங்களா’ன்னு கேட்டேன். ரெண்டு பேரு ‘இருக்கேன்’னாங்க. ஒருத்தங்க அடுப்படியில இருந்து. ஒருத்தங்க குழாய் கிடக்க ரூமுல, கதவுக்குப் பின்னால இருந்து. உங்க சொந்தக்காரப் பிள்ளைன்னு எழுதிக்கிட்டேன்.”

“வேற என்ன கேட்டீங்க?”

“வயசு கேட்டேன், சொன்னாங்க. அப்பா பேரு கேட்டேன், சொல்லல. எந்த ஊரும்மான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“‘எங்க வீட்டுல காத்திருந்தாங்க, வந்துட்டேன். இதான் என் ஊரு’ன்னாங்க. ஏன் அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா? உக்காருங்க.”

பெயர் நீக்குகிற படிவம் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விளக்குப் போடுகிற நேரம். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் படிவத்தை விரித்து, எழுத்துக்கூட்டி வாசித்தேன். கீழ்க்கண்டவர் இந்த முகவரியில் இல்லை என்பதால் பெயரை நீக்க வேண்டுகிறேன். பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்தேன். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம்.

“முருகம்மாள்,” என்றேன்.

என் மனைவி என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

முன்னறையில் செம்பு உருளும் சத்தம் கேட்டது.

“இருக்கேன்.”